பாரிஸ் அபாஷ்களைப் படிக்க எங்கே தொடங்குவது: நாளிதழா, காவல் ஏடா, காஸ்க் தோரின் நினைவுகளா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பாரிஸ் தெருக்கும்பல்களைப் பற்றி எழுத ஆசைப்பட்டு, முதல் அடியிலேயே மாட்டிக்கொண்ட மூன்று பேரை எனக்குத் தெரியும். ஒருவர் நாவல் எழுதுகிறார். ஒருவர் ஆய்வேட்டுக்குத் தலைப்புப் பதிந்துவிட்ட மாணவி. இன்னொருவர், வகுப்பில் ஒரு மணி நேரம் இதைப் பற்றிப் பேச வேண்டிய ஆசிரியர். மூவரும் கேட்பது ஒன்றுதான்: எதை முதலில் படிப்பது?

எதை முதலில் படிக்கிறோமோ அதன் கண்ணால்தான் மற்றதையும் படிப்போம். நாளிதழில் தொடங்கியவர் பாரிஸ் முழுக்கக் கத்தி மின்னுவதாக எழுதுகிறார். சினிமாவில் தொடங்கியவர் காதல் கதை எழுதுகிறார். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்கப் பழங்குடிகளான அபாச்சிகளின் பெயரைப் பிரெஞ்சில் "அபாஷ்" என்பார்கள். 1902 வாக்கில் பாரிஸ் பத்திரிகைகள் அந்தப் பெயரை பெல்வில், மெனில்மோந்தான், ஷரோன், லா வில்லெத் பக்கத்து இளைஞர் கும்பல்கள் மேல் ஒட்டின. தன் மண்ணுக்காகப் போராடித் தோற்ற ஒரு மக்களின் பெயர் இன்னொரு கண்டத்தில் வசைச்சொல்லானது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருவது. அந்தப் பகுதிகள் 1860இல்தான் பாரிஸோடு சேர்க்கப்பட்டன. நகரின் நடுவே பழைய வீடுகளை இடித்து அகலச் சாலைகள் போட்டபோது வாடகை கட்ட முடியாமல் கிளம்பியவர்கள் பலர் அங்கேதான் குடியேறினார்கள். அதற்கும் அப்பால் 33 கிலோமீட்டர் நீளக் கோட்டைச்சுவர். சுவருக்கு வெளியே கட்டடம் கட்டக் கூடாதென்று விட்டிருந்த 250 மீட்டர் நிலத்தில் தகரக் குடிசைகள். அபாஷ் வளர்ந்த இடம் இது. முகப்பு வைத்த தொப்பி, கழுத்தில் துணி, கீழே விரிந்த கால்சட்டை, பளபளவென்று துடைத்த காலணி. உடுப்பிலேயே அடையாளம் தெரிய வேண்டும் என்று விரும்பிய பையன்கள்.

எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன். இதை எழுதியவர் யார், எழுதியதால் அவருக்கு என்ன கிடைத்தது? அந்தப் பையன்களும் பெண்களும் இதில் தங்கள் வாயால் பேசுகிறார்களா? இதில் இருப்பதை வேறு இடத்தில் சரிபார்க்க முடியுமா? நமக்கு ஆகும் செலவு என்ன? செலவு என்றால் பணம் மட்டும் கணக்கில்லை. மொழியும் நாளும் சேர்த்துத்தான்.

பொதுவாகப் பேசினால் புரியாது. ஒரே வழக்கை எல்லா ஆதாரங்களிலும் உரசிப் பார்ப்போம். 1902 ஜனவரி, கிழக்குப் பாரிஸ். ஓர்த்தோ தெருக் கும்பலின் தலைவன் மாந்தா. போப்பேன்கூர் கும்பலின் தலைவன் கோர்சிகாக்காரன் லெக்கா. இருவருக்கும் நடுவே அமேலி எலி என்ற இளம்பெண். பொன்னிறக் கூந்தலை உயர்த்திக் கட்டியதால் அவளுக்குக் "காஸ்க் தோர்", அதாவது தங்கத் தலைக்கவசம், என்று பட்டப்பெயர். லெக்கா தாக்கப்பட்டு தெனோன் மருத்துவமனையில் கிடந்தான். வெளியே வந்து குதிரை வண்டியில் ஏறிப் போகும்போது மறுபடி கத்திக்குத்து. அந்த வருஷம் மே மாதம் மாந்தாவுக்கு ஆயுள் முழுக்கக் கட்டாய உழைப்பு, அக்டோபரில் லெக்காவுக்கு 8 வருஷம். இரண்டு பேரும் தென் அமெரிக்காவில் கைதிகளை அனுப்பும் காலனியாக இருந்த பிரெஞ்சு கயானாவுக்குக் கப்பலேறினார்கள்.

நாளிதழ்கள்

பிரான்சின் தேசிய நூலகம் காலிக்கா என்ற இணைய நூலகத்தில் பழைய நாளிதழ்களை இலவசமாக வைத்திருக்கிறது. லெ பெத்தி ஜூர்னால், லெ பெத்தி பரீசியன், லெ மத்தேன் எல்லாம் வீட்டிலிருந்தே படிக்கலாம். விற்பனையில் முதல் இரண்டும் பத்து லட்சத்தைத் தாண்டியவை, விலை 5 சாந்தீம் (நூறு சாந்தீம் ஒரு ஃபிராங்க்). 1882இல் கட்டாயக் கல்வி வந்த பிறகு எழுத்தறிந்து வளர்ந்த தலைமுறை அவற்றின் வாசகர்கள். அபாஷ்களும் தங்களைப் பற்றிய செய்திகளை அதில் படித்தார்கள். இதை மறக்கவே கூடாது.

இந்த ஆதாரத்தின் பலம் நாள் வாரியான விவரம். எந்தத் தெரு, எந்த மதுக்கடை, எத்தனை மணி என்று எல்லாம் வரும். நாவலாசிரியருக்கு இது தங்கச் சுரங்கம்.

இதன் மறைவான செலவைக் காட்ட ஒரு படம் போதும். 1907 அக்டோபர் 20, லெ பெத்தி ஜூர்னாலின் படத்துணையிதழ். அட்டையில் பூதம் போல வளர்ந்து நிற்கும் அபாஷ், அவன் முன்னால் சுண்டுவிரல் அளவுக் காவலர். கீழே தலைப்பு: அபாஷ் பாரிஸின் புண், 8,000 காவலர்களுக்கு எதிராக 30,000க்கும் மேற்பட்ட திரிபவர்கள். இந்த 30,000ஐ இன்றைக்கும் பலர் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். யார் எண்ணினார்கள்? சட்டத்தில் "அபாஷ்" என்று ஒரு குற்றமே கிடையாது. இல்லாத பிரிவில் ஆட்களை எண்ண முடியாது.

அட்டை வந்த வாரங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் ஜனவரியில் சொலேயான் என்பவன் பாரிஸில் ஒரு சிறுமியைக் கொன்றான். அவனுக்கு விதித்த மரண தண்டனையைக் குடியரசுத் தலைவர் ஃபாலியேர் செப்டம்பரில் குறைத்தார். ஊர் கொதித்தது. மரண தண்டனையை நீக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் காத்திருந்தது. லெ பெத்தி பரீசியன் வாசகர்களிடம் வாக்கெடுத்தது: தண்டனை வேண்டும் என்றவர்கள் 10,83,655; வேண்டாம் என்றவர்கள் 3,28,692. அடுத்த வருஷம் டிசம்பர் 8 அன்று கீழவையில் நீக்கும் முயற்சி தோற்றது. 1909 ஜனவரியில் பெத்தூன் ஊரில் ஒரே காலையில் நான்கு தலைகள் உருண்டன. சொலேயான் கும்பல்காரன் அல்ல, பெத்தூன் பாரிஸும் அல்ல. ஆனாலும் அபாஷ் பயம் இந்தச் சண்டைக்குள் போய் வேலை செய்தது. கில்லட்டின் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் அந்த அட்டைப்படம் ஒரு தரப்பின் வாதம். வாதத்தைச் சாட்சியாக வாசித்தால் மாட்டிக்கொள்வோம்.

சரி, இதற்கு மாற்று என்ன? ஒரே சம்பவத்தை எதிரெதிர் அணி இதழ்களில் படியுங்கள். 1910 ஜனவரி 8 அன்று ஓப்ரி-லெ-பூஷே தெருவில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். லியாபஃப் என்ற செருப்புத் தொழிலாளி மேலங்கிக்குள் இரண்டு கைகளிலும் கூர்முட்கள் வைத்த தோல்பட்டைகளைக் கட்டியிருந்தான். பிடிக்க வந்த காவலர்கள் அவன் கையைப் பற்றியதும் அவர்கள் உள்ளங்கைதான் கிழிந்தது. தோல் வெட்டும் கத்தியாலும் துப்பாக்கியாலும் தாக்கி ஒரு காவலரைக் கொன்றான். பெரிய நாளிதழ்களுக்கு அவன் அபாஷ். லா கேர் சோசியால் என்ற இடதுசாரி வார இதழில் குஸ்தாவ் எர்வே வேறு கதை சொன்னார்: விபசாரத் தரகன் என்று பொய் வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளிய போலீஸைப் பழிவாங்கிய தொழிலாளி அவன். அந்தக் கட்டுரைக்காக எர்வேவுக்கு 4 வருஷச் சிறை. லியாபஃபின் தலை ஜூலையில் வெட்டப்பட்ட இரவு லா சாந்தே சிறையைச் சுற்றிக் கலவரம். ஒரு இதழை மட்டும் படித்திருந்தால் அந்தக் கலவரம் ஏன் வந்தது என்றே புரியாது.

தேடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய அச்சைக் கணினி எழுத்தாக மாற்றியதில் பெயர்கள் சிதைந்திருக்கும். பெயரை மட்டும் தட்டித் தேடினால் பாதி கிடைக்காது. தேதியைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி.

காவல், நீதிமன்ற ஆவணங்கள்

அப்போது பாரிஸ் 80 பேட்டைகளாகப் பிரிந்திருந்தது. பேட்டை வாரியாகக் காவல் அலுவலகத்தில் அன்றாட ஏடு எழுதுவார்கள். அந்த ஏடுகள் காவல் தலைமையகத்தின் காப்பகத்தில், பாரிஸை ஒட்டிய லெ ப்ரே-சேன்-ஜெர்வேயில் இருக்கின்றன. அடையாள அட்டை காட்டிப் பதிந்தால் யாரும் இலவசமாகப் படிக்கலாம். 1871இல் பாரிஸில் நடந்த கம்யூன் கிளர்ச்சியின் தீயில் எல்லாம் எரிந்துபோனதே என்று சிலர் தயங்குகிறார்கள். எரிந்தது அதற்கு முந்தையது. 1900க்குப் பிந்தையதைத் தேடுபவருக்கு அந்தக் கவலை தேவையில்லை. பெரிய குற்றங்களின் நீதிமன்றக் கோப்புகள் பாரிஸ் நகரக் காப்பகத்தில், 19ஆம் வட்டாரத்தில்.

இந்த ஏடுகளில் அலங்காரம் கிடையாது. பெயர், வயது, தொழில், முகவரி, நடந்தது. நாளிதழ் "கொடூர அபாஷ்" என்று எழுதிய ஆளின் தொழில் என்ற கட்டத்தில் ஏதோ ஒரு பட்டறை வேலை எழுதியிருக்கும். அதைப் பார்த்த நிமிடத்தில் ஆள் மனிதனாகிவிடுகிறான். காவல் துறையில் பெர்த்தியோன் என்பவர் அமைத்த அடையாளப் பிரிவின் அட்டைகளில் முகப்படம், உடல் அளவு, வடு, பச்சைக்குத்து எல்லாம் உண்டு. ஆப்பிரிக்காவில் தண்டனைப் படையணியில் இருந்துவிட்டு வந்தவர்கள் உடம்பெல்லாம் பச்சையோடுதான் திரும்பினார்கள்.

இதிலும் குறை உண்டு. எழுதியது போலீஸ். பையன் சொன்னதைத் தன் மொழியில், தனக்கு வேண்டிய அளவுக்கு எழுதிக்கொண்டது. லெப்பீன் பாரிஸ் காவல் துறைத் தலைவராக இருந்த காலத்தில் எந்தப் பேட்டையில் அதிகம் சோதனை போட்டார்களோ அங்கேதான் ஏடும் தடிமன். பெல்வில் ஏடு கனமாக இருப்பதால் அங்கே மட்டும்தான் குற்றம் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

செலவு பெரிது. பாரிஸ் போய்த் தங்க வேண்டும், கையெழுத்துப் படிக்கப் பழக வேண்டும், ஒரு பெயரைப் பிடிக்கவே பல நாள் ஆகலாம். ஆனால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கயானா கைதிகளின் பதிவுகள் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஊரில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர்கள் பெயர்ப் பட்டியலை இணையத்தில் திறந்துவைத்திருக்கிறார்கள்.

அப்புறம், சட்டம் தெரியாமல் இந்தக் கோப்புகளைப் படிக்கக் கூடாது. லெக்காவுக்கு 8 வருஷம் என்றதும் 1910இல் வீடு திரும்பியிருப்பான் என்று கணக்குப் போடத் தோன்றும். 1854ஆம் வருஷச் சட்டப்படி, 8 வருஷத்துக்குக் குறைவான கட்டாய உழைப்புக் கைதி தண்டனை முடிந்து அதே அளவு காலம் அந்தக் காலனியிலேயே தங்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஆயுசு முழுக்க அங்கேதான். 7க்கும் 8க்கும் நடுவே இருந்தது ஒரு வருஷம் இல்லை, ஒரு வாழ்க்கை. அவன் திரும்பி வரவே இல்லை.

காஸ்க் தோரின் நினைவுகள்

1902 கோடையில் ஃபேன் தெ சியேக்ல் என்ற இதழில் அமேலியின் நினைவுகள் தொடராக வந்தன. பதின்வயதிலேயே தெருவுக்கு வந்த ஒரு பெண்ணின் குரல் இவ்வளவு நீளமாக அச்சில் கிடைப்பது அபூர்வம். மற்ற ஆதாரங்களில் பெண்கள் யாருக்கோ உரியவர்களாகத்தான் வருகிறார்கள். இதில் அவள் தேர்ந்தெடுக்கிறாள், விலகுகிறாள், பயப்படுகிறாள்.

குறையைச் சொல்லியாக வேண்டும். அது கிளுகிளுப்புக்குப் பேர்போன இதழ். பத்திரிகைக்காரர்களின் கை அதில் பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டே படிக்க வேண்டும். இன்னொன்று தேதி. மாந்தாவின் வழக்கு மேயில் முடிந்தது, லெக்காவின் வழக்கு அக்டோபரில். தொடர் வந்தது இரண்டுக்கும் நடுவே. ஒருவன் போயாயிற்று, இன்னொருவனுக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. அவள் என்ன சொன்னாலும் அது யார் தலையிலாவது விடியும். இந்தத் தேதிகளைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால், அவள் சட்டென்று மௌனமாகும் இடங்களுக்கு அர்த்தம் கிடைக்கும்.

மொழிச் செலவும் இதில்தான் அதிகம். தெருமொழிக்குத் தனி அகராதி வேண்டும். கத்தி "சுரேன்", போலீஸ் "கோஞ்", கோட்டைச்சுவர் "ஃபோர்த்திஃப்". பள்ளியில் படித்த பிரெஞ்சு போதாது. ஆனாலும், மனிதர்களைப் பற்றி எழுதப் போகும் யாருக்கும் நான் இரண்டாவதாகக் கொடுப்பது இதைத்தான்.

நீதித் துறைப் புள்ளிவிவரம்

பிரெஞ்சு நீதி அமைச்சகம் 1825ஆம் ஆண்டிலிருந்து வருஷா வருஷம் குற்றக் கணக்கு வெளியிட்டது. ஆய்வு மாணவிக்கு இது கட்டாயம், மற்ற இருவருக்குத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: சட்டம் மாறினால் கணக்கும் மாறும். 1903 ஏப்ரலில் விபசாரத் தரகர்களுக்கு எதிரான சட்டம் வந்தது. 1906 ஏப்ரலில், சிறுவர் என்று கருதும் வயது 16இலிருந்து 18 ஆனது. இந்த இரண்டு வருஷங்களைத் தாண்டி வரைபடம் போடுகிறவர்கள் அங்கே கோடு கிழித்துக் காட்ட வேண்டும்.

சினிமா, நடனம், அருங்காட்சிப் பொருள்

1952இல் ஜாக் பெக்கெர் எடுத்த காஸ்க் தோர் படத்தில் மாந்தா லெக்காவைச் சுட்டுக் கொல்கிறான், கடைசியில் கில்லட்டினில் சாகிறான். நிஜத்தில் இரண்டுமே நடக்கவில்லை. அருமையான படம், ஆனால் ஆதாரமாகாது. 1908இல் மேடைக் கலைஞர்கள் மாக்ஸ் தியர்லியும் மிஸ்தேங்கெத்தும் மூலேன் ரூஜ் கேளிக்கை அரங்கில் ஆடிய அபாஷ் நடனம், வசதி படைத்தவர்கள் இந்தப் பையன்களை எப்படி ரசித்தார்கள் என்பதற்குச் சான்று. அந்தப் பையன்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஏலங்களில் "அபாஷ் துப்பாக்கி" என்று வரும் பொருளும் அப்படித்தான். கைமுட்டி வளையம், மடக்குக் கத்தி, குழலில்லாத துப்பாக்கி மூன்றும் சேர்ந்த இது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் தயாரிப்பு. 1870 வாக்கிலேயே வந்துவிட்டது, அபாஷ் என்ற சொல்லுக்கு ஒரு தலைமுறை முன்னால். உங்கள் கதாநாயகன் கையில் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

| ஆதாரம் | யார் குரல் | செலவு | மறைவான ஆபத்து |
|---|---|---|---|
| நாளிதழ் | செய்தியாளர், வாசகரின் பயம் | பிரெஞ்சு, நேரம் | மிகை எண்ணிக்கை, அணி அரசியல் |
| காவல், நீதிமன்றக் கோப்பு | அதிகாரி. இடையில் பையன் | பயணம், கையெழுத்து | போலீஸ் தேடிய இடமே தெரியும் |
| அமேலியின் நினைவுகள் | பெண், இதழாசிரியர் வழியாக | தெருமொழி | நடப்பில் இருந்த வழக்கு |
| புள்ளிவிவரம் | அரசு | குறைவு | சட்ட மாற்றம் |
| சினிமா, நடனம் | பின்வந்த ரசனை | மிகக் குறைவு | மாற்றிய முடிவுகள் |

யாருக்கு எது

நாவல் எழுதுபவர் நாளிதழில் தொடங்கலாம், ஆனால் ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு: 1902 ஜனவரி இரண்டாவது வாரம். மூன்று இதழ்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கட்டும். அப்புறம் நேராக அமேலி. படம் பார்ப்பதை முதல் வரைவு முடியும்வரை தள்ளிப்போடுவது நல்லது. நடிகையின் முகம் ஒருமுறை மனதில் ஏறிவிட்டால் இறங்காது.

ஆய்வு மாணவி தலைப்பைச் சுருக்கினால் பிழைப்பார். "பாரிஸ் அபாஷ்கள்" என்பது ஆய்வேட்டுக்கு ஆகாது. ஒரு பேட்டை, மூன்று வருஷம் என்று குறுக்கிக்கொண்டால் காவல் ஏடு கைக்கு அடங்கும். பயணத்துக்குப் பணம் இல்லையென்றால் தலைப்பையே மாற்றி, 1907 இலையுதிர் கால நாளிதழ்ப் பயத்தை ஆராயலாம். அதற்கு வேண்டிய முதன்மை ஆதாரம் எல்லாம் காலிக்காவில் இருக்கிறது. அப்போது நாளிதழின் மிகையே ஆய்வுப் பொருளாகிவிடும், குறையாக இருக்காது.

ஆசிரியருக்கு ஒரு மணி நேரம்தான். முதல் கால் மணி 1907 அட்டைப்படம். 30,000 என்பதை யார் எண்ணினார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்கலாம். மீதி நேரம் லியாபஃப் கதையை இரண்டு இதழ்கள் சொன்ன விதம். மோட்டார் காரில் வந்து வங்கிப் பணத்தைப் பறித்த 1911-12இன் போனோ கும்பலை இதோடு கலக்க வேண்டாம். அவர்கள் அராஜகவாதிகள், வேறு வகை, அதற்கு இன்னொரு வகுப்பு வேண்டும்.

பாரிஸில் இருப்பவர்கள் காப்பகம் போகும் முன் ஒரு அரை நாள் நடந்துவிடலாம். லாச்சப்பலுக்கு மளிகை வாங்கப் போகும் தமிழர்கள் தினமும் கடந்துபோகும் பூஃப் து நோர் அரங்கம்தான், 1902இல் காஸ்க் தோரை மேடையேற்ற முயன்ற இடம். காவல் துறை தடுத்துவிட்டது. அங்கிருந்து இரண்டாம் எண் மெட்ரோ பிடித்தால் பெல்வில், மெனில்மோந்தான் வழியாக அலெக்சாந்த்ர் துமா நிலையம் வரும். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஓர்த்தோ தெரு. அங்கிருந்து மேட்டில் ஏறினால் தெனோன் மருத்துவமனை. இந்த மெட்ரோ இங்கே வரை வந்தது 1903இல்தான். லெக்காவின் குதிரை வண்டி போன குளிர்காலத்தில் இங்கே மெட்ரோ இல்லை. அந்தத் தூரத்தை நீங்களும் நடந்து பார்த்துவிட்டு ஏட்டைத் திறங்கள்.